பட்டாசு லாரியும் ஒரு வாளித் தண்ணீரும்

ராணுவம் ஏலத்தில் கழித்த பழைய லாரியில்தான் எங்கள் கம்பெனி பட்டாசு ஏற்றியது. ராணுவம் எதையும் காரணமில்லாமல் கழிக்காது. எங்கள் முதலாளி எதையும் காரணம் கேட்டு வாங்கமாட்டார். 1950களின் கடைசியில் ஒரு தீபாவளி சீசன். கம்பெனி இன்ஜினியரான நானும் லோடோடு போனேன். வெம்பக்கோட்டை அருகே, ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே, முன்சக்கரத்தை அச்சில் தாங்கும் ஹப்பில் பேரிங் நொறுங்கிச் சக்கரம் இறுகிவிட்டது. ஹப்பிலிருந்து புகை வந்தது. டயரில் தீப்பிடித்தால் லோடு முழுவதும் வெடிக்கும்.

டிரைவரை ஆள் கூட்டிவர ஓடச் சொன்னேன். பிள்ளைகளை அப்புறப்படுத்தும்படி, பள்ளி வாசலுக்கு வந்த டீச்சரிடம் கத்திவிட்டு, ஜாக்கி வைத்துச் சக்கரத்தை ஹப்போடு கழற்ற ஆரம்பித்தேன். தீப்பொறி பறக்கக் கூடாதென்று பித்தளைச் சுத்தியலால் தட்டினேன். ஹப் அசையவில்லை.

திடீரென்று டயர்மேல் தண்ணீர் விழுந்தது. டீச்சர் வாளியோடு நின்றார்.

“போங்க டீச்சர்! விதிப்படி இங்கன யாரும் நிக்கக் கூடாது.”

“பிள்ளைகளைக் கம்மாய்க்கரையில விட்டாச்சு. ஒத்தையில வேலை பாக்கலாம்னு உங்க விதியில இருக்கா?”

“இல்லை.”

“அப்ப பேசாம வேலையைப் பாருங்க.”

மறுபடி சுத்தியலை எடுத்தேன். அவர் வாளி வாளியாக டயரில் ஊற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் சக்கரம் ஹப்போடு கழன்று வந்தது. அதை உருட்டி மணலில் தள்ளினேன்.

“கணக்குப் பாடம் பாதியில நிக்குது சார்,” என்று சொல்லிவிட்டுக் கம்மாய்ப் பக்கம் நடந்தார்.

பிற்பாடு பாதுகாப்பு விதிகளை நானே பலமுறை எழுதினேன். ஆபத்து நேரத்தில் மற்றவர்கள் உடனே விலக வேண்டும் என்பது சரியான விதிதான். ஆனால் அதை எழுதும்போதெல்லாம், அன்று அவர் விலகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து, கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன்.