அம்மாவுக்கு ஸ்டூல் போன கதை

எங்கள் அலுவலகத்தில் வருடத்துக்கு ஒரு முறை எங்களையெல்லாம் மகாபலிபுரம் பக்கம் கடலோர விடுதி ஒன்றுக்கு அழைத்துப் போய், தலைமைப் பண்பு, மாற்றத்தை எதிர்கொள்வது, வேலையில் அர்த்தம் காண்பது என்று நாள் முழுக்கப் பேசவைப்பார்கள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கடல் இருக்கும். அதைப் பார்க்க மட்டும் விடமாட்டார்கள். வண்ணக் காகிதத்தில் எழுதி எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். போன முறை வந்த பயிற்சியாளர், நீங்கள் வாழ்க்கையில் பார்த்த முதல் தலைவர் யார் என்று கேட்டார். ஒருவர் கிரிக்கெட் கேப்டனைச் சொன்னார். இன்னொருவர் தன் பழைய முதலாளியைச் சொன்னார். நான் எங்கம்மா என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். ஏதோ பாசத்தில் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் என்பதால் விளக்கிச் சொல்லவும் முடியவில்லை.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு படிக்கிற சிறுமி. வீடு கருங்குழியில். அப்பா லோடு ஆட்டோ ஓட்டினார். அம்மா செங்கல்பட்டையும் தாண்டி, சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை பார்த்தாள். அச்சரப்பாக்கத்திலிருந்து பெண்களை அள்ளிக்கொண்டு வரும் கம்பெனி பஸ் விடிந்தும் விடியாமலும் ஜிஎஸ்டி ரோட்டில் வந்து நிற்கும். அம்மாவும் எதிர்வீட்டு அத்தையும் ஏறி ஒரே சீட்டில் உட்கார்ந்து போவார்கள். அத்தை எங்களுக்கு ரத்த சொந்தம் இல்லை; அப்பாவை அண்ணா என்று கூப்பிட்ட தோஷத்துக்கு எனக்கு அத்தையாகிவிட்டாள். லைனிலும் அம்மாவுக்குப் பக்கத்து மெஷின் அவளுடையதுதான். சாயங்காலம் எங்கள் வீட்டுக் குழம்பு ஒரு கிண்ணத்தில் தெருவைக் கடக்கும். அதே கிண்ணத்தில் அத்தை வீட்டுக் குழம்பு திரும்பி வரும். அத்தை வைக்கும் நெத்திலிக் குழம்புக்காக நான் வாசலிலேயே காத்துக் கிடப்பேன்.

அம்மாவுக்குத் தையல் என்றால் பைத்தியம். கல்யாண மண்டபத்துக்குப் போனால் மற்றவர்கள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்க உள்ளே போவார்கள். அம்மா வாசலில் கழற்றிப் போட்டிருக்கும் ஷூவில் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பித் தையலைப் பார்ப்பாள். அப்பா தவித்துப் போவார்.

"இன்னாமே பண்ற? செருப்புத் திருட வந்தவன்னு நெனச்சிக்கப் போறாங்க."

"இத்தப் பாரேன், வளைவுல எப்டி இழுத்து வெச்சிருக்கான்னு. என் கையில குடுத்திருந்தா அழகாத் தெச்சிருப்பேன்" என்பாள் அம்மா.

அது வெறும் பீற்றல் இல்லை. வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தால் அவள் தைத்த ஜோடியைத்தான் மாதிரிக்கு எடுத்துக் காட்டுவார்களாம். அதையும் அத்தை சொல்லித்தான் நாங்கள் கேள்விப்பட்டோம்.

அந்த அம்மாவைத்தான் ஒருநாள் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அப்பா டீக்கடை டீக்கடையாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். நான் பள்ளிக்கூடத்தில், எங்கம்மாவுக்குச் சுத்துற நாற்காலி தரப்போகிறார்கள் என்று அளந்துவிட்டேன். நடந்ததோ வேறு. தைக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு ஸ்டூல் உண்டு. சூப்பர்வைசருக்கு ஒன்றும் கிடையாது, நாள் முழுக்க லைன் நெடுக நடந்துகொண்டே இருக்க வேண்டும். இருந்த ஸ்டூலும் போய், அம்மா சாயங்காலம் வந்ததும் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இதற்குப் பேரா பதவி உயர்வு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அவளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. அதுவரை லைனில் ஒருத்திக்கு ஒரே வேலை. அத்தை வருடக்கணக்கில் குதிகால் பக்கத் தையலை மட்டும் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஒருநாள் வராவிட்டால் அவள் மேஜையில் வேலை குவியும். அவளுக்கு அடுத்து இருப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். லைனின் தொடக்கத்தில் பசை மேஜை. அங்கே இருந்த பெண்களுக்குத் தோலில் பசை தடவுவதோடு சரி. நெடியில் தலைவலியோடு வீட்டுக்குப் போவார்கள், மெஷினில் உட்காரும் வாய்ப்பே வராது. இனிமேல் எல்லோரும் எல்லா வேலையும் கற்றுக்கொண்டு முறை வைத்து மாறிக்கொள்ள வேண்டும் என்று கம்பெனி முடிவு செய்தது. அதை முதலில் அம்மாவின் லைனில் நடத்திப் பார்ப்பது என்று ஏற்பாடு. ஆயுத பூஜை வரைக்கும் கெடு. பெண்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் நீங்கள் பழையபடி உங்கள் மெஷினுக்கே போய்விடுங்கள், வேறு யாரையாவது வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்று மேனேஜர் அம்மாவிடம் சொல்லியிருந்தார். அதனால் அம்மாவின் மெஷினை யாருக்கும் கொடுக்காமல் உறை போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

அத்தைக்கு இந்த ஏற்பாடு ஆகவே இல்லை. எங்கள் வாசலில் நின்று கிண்ணத்தை வாங்கும்போதே ஆரம்பிப்பாள்.

"நீ இப்ப அவங்க ஆளாயிட்ட அண்ணி."

"நான் யாரு ஆளும் இல்லமே. உன் புள்ளைக்கு ஜுரம் வந்தப்ப லீவு கேட்டு எம்மாம் பேஜாருபட்ட? உன் வேலை இன்னொருத்திக்குத் தெரிஞ்சிருந்தா அப்டி ஆயிருக்குமா?"

"என் மெஷின்ல இன்னொருத்தி குந்துவா, அத்த நான் பாத்துகினு இருக்கணுமா?"

"கடப்பாக்கத்துலேர்ந்து ஒருத்தி ரெண்டு வண்டி மாறி வர்றாளே, அவளும் மனுசிதானே? எத்தினி வருசத்துக்குப் பசையவே மோந்துகினு கெடப்பா?"

கடப்பாக்கம் அக்கா பசை மேஜையில் இருந்தவள். கடலோரத்திலிருந்து வருகிறவள் என்பதால் அவளுக்கு ஊர்ப் பெயரே பெயராகிவிட்டது. அம்மா தைத்துக்கொண்டிருந்த நாட்களில் சாப்பாட்டு நேரத்தில் அவள் பின்னால் வந்து நின்று அவள் கை போகும் போக்கையே பார்த்துக்கொண்டிருப்பாளாம்.

அந்தப் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஆயுத பூஜைக்கு ஒவ்வொருத்தியும் தன் மெஷினுக்குச் சந்தனம் தடவிக் குங்குமப் பொட்டு வைப்பாள். அந்தப் பொட்டு அடுத்த பூஜை வரைக்கும் இருக்க வேண்டும். தூசி துடைத்தாலும் அதைச் சுற்றித்தான் துடைப்பார்கள். வெள்ளைத் தோல் தைக்கும் நாட்களில் சிவப்பு ஒட்டிவிடக் கூடாது என்று பொட்டின்மேல் செல்லோ டேப் ஒட்டி மூடிவிடுவார்கள். பூஜை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அத்தை ஒரு காதுகுத்துக்காக லீவு போட்டாள். அன்றைக்கென்று பார்த்து வெள்ளைத் தோல் வந்தது. வேலை குவிந்தது. அம்மா கடப்பாக்கம் அக்காவைக் கூப்பிட்டு அத்தையின் மெஷினில் உட்கார வைத்தாள். டேப்பைத் தேடப் பொறுமையில்லாமல், அம்மாவே கையிலிருந்த ஈரத்துணியால் பொட்டைத் துடைத்துவிட்டாள். இத்தனை வருடம் அதே லைனில் இருந்தவள், எப்படித்தான் கை வந்ததோ.

மறுநாள் அத்தை லைன் முழுக்கக் கேட்கும்படி கத்தினாளாம். "குத்துக்கல்லாட்டம் நான் உயிரோட கீறப்பவே என் பொட்ட அழிச்சிட்டியே அண்ணி!"

அதோடு லைனே அத்தை பக்கம் போய்விட்டது. டீ நேரத்தில் அம்மாவோடு நிற்க ஆளில்லை. பஸ்ஸில் அத்தை பின்சீட்டுக்கு மாறிக்கொண்டாள். குழம்புக் கிண்ணம் எங்கள் வீட்டு அலமாரியில் கவிழ்ந்து கிடந்தது. அம்மா இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னாள்.

"வுட்டுத் தள்ளு. பூஜை வரைக்கும் வாயத் தொறக்காத. தானா உன் மெஷினு உன்கிட்ட வந்துடும்" என்றார் அப்பா.

"வந்துடும்" என்றாள் அம்மா. அவள் விரல்கள் மடியில் கிடந்த புடவைத் தலைப்பை, ஊசிக்கு அடியில் விடுவதுபோல மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தன.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த ஏற்பாடு ஊற்றிக்கொள்ள வேண்டும் என்று தெருமுனை மாரியம்மனிடம் மனதார வேண்டிக்கொண்டேன். அம்மாவுக்கு ஸ்டூலும் கிடைத்துவிடும், எனக்கு நெத்திலிக் குழம்பும் கிடைத்துவிடும்.

பூஜைக்குக் கம்பெனியில் மத்தியானத்தோடு மெஷின்களை நிறுத்திவிடுவார்கள். பிள்ளைகளையும் அழைத்து வரலாம். அப்பா என்னைக் கொண்டுபோய் விட்டார். தோல் வாசனையும் பசை நெடியும் ஊதுபத்தியும் கலந்து அடித்தன. நீள நீளமாய் மெஷின்கள், ஒவ்வொன்றின் கழுத்திலும் துண்டுப் பூ. பெண்கள் பட்டுப்புடவையில் வந்திருந்தார்கள். அத்தை என்னைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அம்மா சந்தனக் கிண்ணத்தோடு அத்தையிடம் போனாள். மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேப்பு ஒட்டாம அழிச்சது என் தப்புமே. அவசரம்னு சொல்ல மாட்டேன். உன் மெஷினுக்கு நீயே வெய்யி."

அத்தை கிண்ணத்தை வாங்கவில்லை. அம்மா தன் மெஷினிடம் போய் உறையை உருவினாள். அதில் போன வருடப் பொட்டு அப்படியே இருந்தது. இப்போது அதன்மேல் புதுப் பொட்டு வைக்கப் போகிறாள் என்று நான் முன்னால் போய் நின்றுகொண்டேன். அம்மாவோ பசை மேஜைப் பக்கம் திரும்பி, கடப்பாக்கம் அக்காவைக் கூப்பிட்டாள்.

"இதுக்கு நீ வெய்யி. பூஜை முடிஞ்சி வந்தா இதுல நீதான் மொதல்ல குந்தப் போற."

அக்கா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "அய்யோ, அப்ப நீங்க இன்னாக்கா பண்ணுவீங்க?"

"எனக்கு வேணாம். நான் திரும்பி வர்றதா இல்ல. இந்த ஏற்பாடு நடந்தாலும் சரி, நடக்கலன்னாலும் சரி."

அக்கா கிண்ணத்தை வாங்கி அள்ளி வைத்ததில் சந்தனம் ஊசிப்பக்கம் வழிந்தது. அத்தைக்கு அது பொறுக்கவில்லை.

"ஊசிகிட்ட வெக்காத, தோலுல ஒட்டிக்கும். மேல வெய்யி. இன்னும் மேல!" என்று அதட்டிக்கொண்டே வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துச் சரியான இடத்தில் வைக்கச் செய்தாள். பிறகு, யாரையும் பார்க்காமல், "அப்டியே என் மெஷினுக்கும் நீயே வெச்சிடு. எப்டியும் அதுலயும் வந்து குந்தத்தான் போற" என்றாள்.

யாரோ சிரித்தார்கள். இன்னொருத்தி, "அப்ப என்னுதுக்கு யாரு வெக்கிறது?" என்று கேட்டாள். அதன்பிறகு யார் யாருடைய மெஷினுக்குப் பொட்டு வைத்தார்கள் என்று சொல்ல முடியாதபடி சந்தனக் கிண்ணம் கை மாறி மாறிப் போனது. அம்மா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் பொட்டு வைக்க ஒரு மெஷின் இல்லாமல் நின்றவள் அவள் மட்டும்தான். எனக்கு அழுகை வந்தது. இன்றைக்கு அந்த நிற்பை நினைத்தால் பெருமை தாங்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் ஒரே கும்மாளம். அம்மா முன்னால் நின்று எல்லோருக்கும் பொரியும் கடலையும் பங்கிட்டுக்கொண்டிருந்தாள். நான் அத்தை பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டும்போது பார்க்கிறேன், அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுகிறாள். மெஷின் போன துக்கம் என்று நினைத்தேன்.

"ஏன் அத்த அழுவுற? உன் மெஷின்ல நீயும்தான் தைக்கப் போறியே?"

"என் மெஷினுக்கு யாருடி அழுதா? உங்கம்மா மாரி தைக்கிறவ இந்தக் கம்பெனியிலயே இல்ல. இனிமே தைக்க மாட்டாடி அவ."

"அவங்கதான் சூப்பர்வைசராச்சே. இன்னாத்துக்குத் தைக்கணும்?" என்றேன்.

அத்தை என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு தன் பங்குப் பொரியை என் பாவாடையில் கொட்டினாள். அம்மா வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் போதும், ஆசைப்பட்டது அவளிடமே திரும்பி வந்திருக்கும். அது அந்த பஸ்ஸில் அத்தை ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது. நான் கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டு வந்தேன்.