மாத்தளையில் முடியைக் குட்டையாக வெட்டிய பெண்கள்

பெண்களின் தலைமுடியை வெட்டிப் பிழைக்கிற தொழிலில் கையைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். கேட்டதை விழுங்கத் தெரியாதவர்கள் இந்தப் பக்கமே வரக் கூடாது. நான் கண்டியில் ஒரு பறங்கி அம்மாவிடம் பொப், கிராப்பு என்று குட்டை வெட்டெல்லாம் கற்றுக்கொண்டு, எழுபதுகளின் கடைசியில் மாத்தளை டவுனில் சின்னதாக ஒரு சலூன் போட்டேன். நாள் முழுக்க நின்று கால் நரம்பு புடைத்துப்போன என் சக தொழிலாளிகளே, வாடிக்கைக்காரர்கள் நம்மைப் படுத்தும் பாடு உங்களுக்கும் தெரியும். ஆனால் நான் சொல்லப்போவதில் அவர்கள் படுத்தியது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் வேறு ஆட்கள் செய்தது.

பெரிய கிளாக்கர் வீட்டு அம்மா

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பெண் ஒருத்தி குட்டை முடியோடு வெளியே வந்தால், ஒன்று காய்ச்சலில் கிடந்து எழுந்திருப்பாள், இல்லாவிட்டால் கோயிலுக்கு நேர்ந்து மொட்டை போட்டிருப்பாள். ஆசைக்கு வெட்டுவது என்ற பேச்சே கிடையாது. அப்படி ஆசைக்கு வெட்டிக்கொள்ள என்னிடம் வந்த முதல் ஆள், ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கருடைய மனைவி. கொழும்பில் அப்படி வெட்டியவர்களைப் பார்த்தாராம். காதுக்குக் கீழே நிற்கிற மாதிரி பொப் வெட்டி அனுப்பினேன். பத்து வயது குறைந்துபோனார்.

மறுநாள் காலையில் கிளாக்கர் கடைக்கே வந்துவிட்டார். சண்டை போடுவார் என்று பயந்தேன். மனுஷன் குடையை மடக்கி வைத்துவிட்டு, அழாத குறையாகச் சொன்னார்: "ஏம்மா, எங்க வீட்டுல காய்ச்சலும் இல்ல, நேர்த்தியும் இல்ல. கேக்கிறவங்களுக்கு நான் என்னன்னு சொல்றது?"

நானா வீட்டு அடுப்படி

தமிழர்களைத் தேடித் தேடி அடித்த எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் என் சலூன் எரிந்தது. கடைக்குப் பின்னால் இருந்த முஸ்லிம் குடும்பம்தான் என்னையும் பக்கத்துத் தமிழர்கள் சிலரையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தியது. வீட்டுக்காரரை எல்லாரும் நானா, அதாவது அண்ணன், என்போம். அவர் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஆள் தேடி வந்தவர்களிடமெல்லாம் உள்ளே தன் பிள்ளைகள் மட்டும்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அங்கே ஒளிந்திருந்தவர்களில் பார்வதியும் ஒருத்தி. தோட்டத்துப் பெண், கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான். புருஷன் கலேவெலயில் ஒரு ஸ்டோரில் காவல்காரன். அவன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் அவளால் இருக்க முடியவில்லை, தேடிப் போவதென்று நின்றாள். வழியில் பஸ்ஸை நிறுத்தித் தமிழர்களைப் பார்த்து இறக்குகிறார்கள் என்று கேள்வி. பொட்டு, தாலி, எண்ணெய் வைத்த நீளப் பின்னல், இவைதான் அவர்களுக்கு அடையாளம். பார்வதிக்குச் சிங்களம் நன்றாக வரும். பொட்டை அழித்தாள், தாலியை இடுப்பில் முடிந்தாள், என் கவுனைப் போட்டுக்கொண்டாள். பிறகு அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இடுப்பு வரை தொங்கிய பின்னலைக் கையில் எடுத்துக் கொடுத்தாள்.

நான் அழுதுகொண்டேதான் வெட்டினேன். நானாவின் மனைவி பின்னலை அடுப்பில் போட்டார். நாற்றம் வெளியே போய்விடுமோ என்று அதற்கும் பயந்தோம். பார்வதி மட்டும் அழவில்லை. பளபளப்பான ஒரு தட்டில் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "போதும்க்கா. எனக்கே இது யாருன்னு தெரியல. அப்ப அவங்களுக்கும் தெரியாது."

கழுத்தளவு

பார்வதி புருஷனோடு திரும்பி வந்தாள், முடியும் வளர்ந்தது. நானும் கடனை உடனை வாங்கிக் கடையை மறுபடி திறந்தேன். எண்பதுகளின் கடைசியில் சிங்கள இளைஞர்கள் அரசாங்கத்துக்கு எதிராக எழுந்தபோது, வீடு புகுந்து ஆளைப் பிடித்துக்கொண்டு போகிற கொடுமை சிங்களப் பிள்ளைகளுக்கும் வந்தது. அப்போது ஒரு நாள் கிராமத்திலிருந்து ஒரு சிங்களத் தாய் வந்தாள். அவளுடைய மகள் அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் என்னிடம் முடி வெட்டிக்கொண்டு போயிருந்தாள். பிறகு வீட்டிலிருந்து யாரோ கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். வயலோரம் ஒரு பெண் கிடக்கிறாள், முகம் பார்க்கிற மாதிரி இல்லை, முடி மட்டும் கழுத்துக்கு மேலே இருக்கிறது என்று ஊரில் சொல்லியிருக்கிறார்கள். மகளுக்கு நான் எந்த அளவுக்கு வெட்டினேன் என்று கேட்கத்தான் வந்திருந்தாள். எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் அதைச் சொல்லாமல், அவள் உட்கார ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்: "மேலயா, கீழயா மிஸ்? அத மட்டும் சொல்லுங்க, நான் போயிர்றேன்."

பார்வதியின் நேர்த்தி

பார்வதியின் ஒரே மகள் சுமதி வளர்ந்து சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் துணி மடிக்கிற வேலைக்குப் போனாள். யுத்தத்தின் கடைசி வருஷங்கள் அவை. பிள்ளைக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியிலேயே கைவிட்ட மாதிரி ஆகிவிட்டது. பிழைத்தால் முடியைத் தருகிறேன் என்று தாய் மாரியம்மனுக்கு நேர்ந்தாள். பிள்ளை பிழைத்தது, மொட்டையும் போட்டார்கள்.

முடி முள்ளு முள்ளாக முளைத்தபோது சுமதியை என்னிடம் கூட்டி வந்தார்கள். வேலைக்குத் திரும்ப வேண்டும், பார்க்க ஒழுங்காக இருக்க வேண்டும். பின்கழுத்தில் ஒட்ட வெட்டி, நெற்றியில் கொஞ்சம் விட்டு, அழகான கிராப்பாக ஆக்கிவிட்டேன். பார்வதி பக்கத்தில் நின்று மகளைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். சுமதி கண்ணாடி முன் தலையை அப்படியும் இப்படியும் திருப்பினாள்: "ஹோட்டலுக்கு வர்ற வெள்ளைக்காரிங்க எல்லாம் இப்படித்தான் பெரியம்மா. இனி எனக்கும் ஒரு ரூம் குடுத்துருவாங்க."

தம்புள்ளை செக்பொயின்ட்

அந்த வாரமே தம்புள்ளையில் செக்பொயின்ட்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி, அவளை இறக்கிப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அடையாள அட்டைப் படத்தில் இரட்டைப் பின்னல் தொங்குகிறது, எதிரே நிற்பவளுக்குக் கிராப்பு. வடக்கே ஆயுதம் தூக்கிய இயக்கத்துப் பெண்கள் முடியைக் குட்டையாக வெட்டுகிறார்கள் என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்த கதை. தமிழ்ப் பெண், குட்டை முடி, படத்துக்கும் ஆளுக்கும் பொருத்தமில்லை. அவர்களுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

நானும் பார்வதியும் போனோம். காய்ச்சல், நேர்த்தி, மொட்டை என்று எல்லாவற்றையும் சிங்களத்தில் சொன்னோம். அம்மனுக்கு முடி கொடுக்கிற வழக்கம் அந்த அதிகாரிக்கும் தெரிந்துதான் இருந்தது. வெட்டியது நான்தான், என் சலூனில்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கெட்ட வார்த்தை ஒன்றும் அவர் பேசவில்லை. எங்களுக்கு உட்கார நாற்காலியும் தந்தார். பிள்ளையை மட்டும் தரவில்லை. எழுந்து வரும்போது, ஆறுதல் சொல்வதாக நினைத்துச் சொன்னார்: "என் வைஃபுக்கும் இதே கட்தான் மிஸ். ஆனா அவங்களப் பாத்து யாருக்கும் சந்தேகம் வராதே."

திரும்பி வந்தவள்

யுத்தம் முடிகிற சமயத்தில் சுமதியை விட்டார்கள். அவள் மேல் குற்றம் எதுவும் இல்லையாம். ஹோட்டல் வேலை போய்விட்டது. பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் வேறு இடத்தில் சம்பந்தம் செய்துகொண்டார்கள். உள்ளே என்ன நடந்தது என்று அவள் தாயிடம்கூடச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பார்வதி அவளை என் கடைக்குக் கூட்டி வந்தாள். முடி தோளைத் தொட்டு, சிக்குப் பிடித்து, நுனி பிளந்து கிடந்தது. கழுத்தில் துணியைக் கட்டப் போனேன், பிள்ளையின் உடம்பு தூக்கிவாரிப் போட்டது. துணியை எடுத்துவிட்டேன். நுனியை மட்டும் கொஞ்சம் ஒதுக்கிவிடட்டுமா என்று மெல்லக் கேட்டேன். கண்ணாடியைப் பார்க்காமலே சொன்னாள்: "வெட்டாதீங்க பெரியம்மா. கார்டுல இருக்கிற மாதிரி ஆகுற வரைக்கும் நான் எங்கயும் போறதா இல்ல."

பெண்களின் முடியைக் குட்டையாக்கியது நாகரிகம் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எங்கள் ஊரில் ஒரு பெண்ணின் முடி எவ்வளவு நீளம் இருக்கலாம் என்று தீர்மானித்தவர்களில் ஒருவர்கூட என் நாற்காலியில் வந்து உட்கார்ந்ததில்லை.