நாளைக்கு வருகிறேன் என்று யாரிடம் சொன்னேன்

பதுளையில் நாங்கள் நாநா என்று கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து எம்பித்ரீ பிளேயரை எடுத்து வைத்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "இதுல பேச முடியுங்களா?" என்பதுதான்.

"பேச ஏலா. பாட்டுக் கேக்க மட்டுந்தான்," என்றார் நாநா.

"சிம்மு போட்டா?"

"சிம் போட இடமே இல்ல. நீங்களே பாருங்க."

அப்பா பார்த்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அந்தச் சாமானைத் திருப்பி, கவிழ்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் மெமரி கார்டு போடும் துளை ஒன்று இருந்தது. அது சிம் போடும் இடமோ என்று அவர் முகம் இறுகியது. நாநா ஒரு கார்டைச் செருகிக் காட்டினார், எடுத்துக் காட்டினார், இதன் வழியாக எந்த ஆம்பிளையும் வர முடியாது என்று சிரிக்காமல் உறுதி சொன்னார். அதன் பிறகுதான் அது எனக்குக் கிடைத்தது.

இந்த விசாரணைக்குக் காரணம் எங்கள் லயத்து வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் தலைவர். தேயிலைத் தோட்டக் கமிட்டிக்குத் தலைவராக இருப்பதால் எல்லோருக்கும் அவர் தலைவர். எனக்கு மட்டும் முறைக்கு மாமா. பொம்பளப் புள்ளையின் கையில் டச் போன் கொடுக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. இதைக் கோயில் கூட்டத்தில் சொன்னார், சாவு வீட்டில் சொன்னார், கல்யாண வீட்டில் மைக் கையில் கிடைத்தபோதும் சொன்னார். அவருடைய மகன்கள் இருவரும் டச் போனை முகத்திலிருந்து இறக்குவதே இல்லை. அதற்கு அவரிடம் கொள்கை எதுவும் இல்லை.

எனக்குப் பாட்டு தேவைப்படவில்லை. உயர்தரம் முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். பதுளையில் ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வரவேற்பு மேசை வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். நேர்முகப் பரீட்சைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சிங்களத்தில் பேச வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். எனக்குச் சிங்களம் வாசிக்க வரும், எழுத வரும். வாயைத் திறந்தால் வராது. கூடப் படித்தவள் ஒருத்தி, தமிழர்களுக்கென்று செய்யப்பட்ட சிங்களப் பேச்சுப் பாடங்களைப் பென் டிரைவில் போட்டுத் தந்தாள். ஒரு ஆண் சிங்களத்தில் ஒரு வாக்கியம் சொல்வார். ஒரு பெண் அதற்குத் தமிழில் பொருள் சொல்வார். பிறகு நாம் சொல்லிப் பார்ப்பதற்காகக் கொஞ்ச நேரம் அமைதி.

அதை பிளேயரில் ஏற்றித் தரச் சொன்னபோது நாநா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பாட்டு ஒண்டும் வேணாமா மகள்? தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் கேக்கிற பாட்டு எங்கிட்ட ஒரு போல்டரே இருக்கு. சாமிப் பாட்டு, சோகப் பாட்டு, ரெண்டும் கலந்தது."

தோட்டத்துப் பிள்ளை என்றால் கும்பிட வேண்டும், அழ வேண்டும், நேரமிருந்தால் இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ. வேண்டாம் என்றேன். தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாடங்களுக்கு முன்னால் அந்த போல்டரும் உட்கார்ந்திருந்தது. சும்மா தருவதை யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள் என்பது கடைக்காரர்களின் நம்பிக்கை.

அந்தப் பாட்டுப் பெட்டியைப் பற்றியும் நல்லதாகச் சொல்ல அதிகமில்லை. முதலில் திறந்தபோது சீன எழுத்தில் பேசியது. எந்தப் பொத்தான் எங்கே கொண்டுபோகும் என்று தெரியாமல் ஒரு பகல் முழுவதும் அழுத்தி, ஒருவழியாக ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தேன். தமிழில் பெயரிட்டிருந்த பாடங்கள் எல்லாம் திரையில் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. வரிசையும் தவறு. ஒன்றுக்குப் பிறகு பத்து, அதற்குப் பிறகு பதினொன்று, எல்லாம் தீர்ந்த பிறகு இரண்டு. எண்ணுவதற்குப் பதிலாக எழுத்துக்கூட்டுகிற மூளை அதற்கு. அதனால் என் பெயரைச் சிங்களத்தில் சொல்லக் கற்றுக்கொள்வதற்கு முன்பே, அரசாங்கக் கந்தோரில், அதாவது ஆபீசில், கடிதம் வந்து சேராததைப் பற்றி முறைப்பாடு செய்யக் கற்றுக்கொண்டேன். பிறகு நாநாவின் கடைக்குத் திரும்பப் போய், அவருடைய கம்பியூட்டரில் நானே உட்கார்ந்து, ஒவ்வொரு பெயரையும் அழித்து, ஒன்றுக்கு முன்னால் ஒரு பூச்சியம், இரண்டுக்கு முன்னால் ஒரு பூச்சியம் என்று போட்டு வரிசைக்குக் கொண்டுவந்தேன். "இப்பிடி ஒரு விசயம் இருக்கா?" என்றார் நாநா. இத்தனை காலம் விற்றுக்கொண்டிருந்தவர்.

எங்கள் தோட்டம் பெரகல சந்தியிலிருந்து கொஸ்லந்த போகும் ரோட்டில் இருக்கிறது. லயத்தில் காம்பராக்களுக்கு நடுவே இருக்கும் சுவர் கூரையைத் தொடாது. ஒரு காம்பராவில் தும்மினால் அடுத்த காம்பராவில் ஆயுசு சொல்வார்கள். யார் வீட்டில் என்ன சண்டை, யார் வீட்டுக் குழந்தைக்கு என்ன இருமல் என்பதெல்லாம் பொதுச் சொத்து. அப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தி காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காத ஒன்றைத் தனியாகக் கேட்கிறாள் என்றால் அது திமிர். திருட்டு என்றுகூடச் சொல்லலாம். தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போனால், "என்னா புள்ள கேக்குற? எங்களுக்கும் ஒரு காத குடேன்," என்றார்கள். பாடம் என்றேன். பாடம் காதில் வரும் என்பதை அவர்கள் நம்பவில்லை. பாடம் என்றால் புத்தகம். புத்தகம் என்றால் விறகு ஈரமாக இருக்கும்போது அடுப்பு மூட்ட உதவுவது.

சாயங்காலங்களில் அடுப்படியில் சுவரோரமாக உட்கார்ந்து, காதில் வரும் வாக்கியங்களை மெதுவாகத் திருப்பிச் சொல்வேன். சுவருக்கு அந்தப் பக்கம் தலைவரின் அடுப்படி.

நேர்முகத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, சனிக்கிழமை வேலை முடிந்து எல்லோரும் வாசலில் இருந்த நேரமாகப் பார்த்து, தலைவர் எங்கள் காம்பராவுக்கு முன்னால் வந்து நின்றார். அப்பாவிடம் மட்டும் சொல்ல வேண்டிய விஷயத்தை லயம் முழுவதுக்கும் கேட்கிற குரலில் ஆரம்பித்தார்.

"என்னா தம்பி, ஒம்மவ சிங்களப் பையன் ஒருத்தங்கூட பேசிக்கிட்டு இருக்காளே, தெரியுமா?"

அப்பா எழுந்து நின்றார். "அது பாட்டு கேக்குற பொட்டிங்க தலைவரே. பேச முடியாது. கடையில கேட்டுத்தான் வாங்குனேன்."

"பாட்டு கேக்குறவ எதுக்குய்யா பதில் சொல்றா? நாளைக்கு வாரேன்ங்கிறா. ரெண்டு காதாலயும் கேட்டேன். மம ஹெட்ட எனவா. நாளைக்கு வாரேன்! எனக்கென்ன சிங்களம் தெரியாதா?"

அவருக்குத் தெரியும். லயத்தில் அவருக்கு மட்டும்தான் தெரியும். அடையாள அட்டைக்கு, போலீசுக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று எங்கே போனாலும் அவரைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். அவர் அந்தப் பக்கத்தோடு பேசுவார். பிறகு நம் பக்கம் திரும்பி இரண்டு சொல் சொல்வார். அந்த இரண்டு சொல்லில்தான் அவருடைய தலைமை நின்றுகொண்டிருந்தது.

கடைசிக் காம்பரா அத்தைக்கு இதைவிட நல்ல சாயங்காலம் வாய்த்திருக்காது. "பொட்டி சின்னதா இருக்கேன்னு நெனச்சேன். அதுக்குள்ளதான் மாப்பிள்ளய மடிச்சு வெச்சிருக்காளா?" என்றார். சிரிப்பு வாசல் வாசலாகப் போய்த் திரும்பி வந்தது.

அப்பா என் பக்கம் திரும்பினார். "யாரு அது?"

கடையில் அத்தனை விசாரித்து வாங்கிய மனிதர், தலைவர் வாயைத் திறந்ததும் யாரென்று என்னிடம் கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் பதில் சொல்லத் தோன்றவில்லை. இவர்களுக்கு எதற்கு நிரூபிக்க வேண்டும்? பேசாமல் நின்றேன். என் மௌனத்தை அப்பா வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

"திங்கக்கெழம பதுளைக்குப் போக வேணாம்," என்றார்.

அதுவரைக்கும்தான் என் கௌரவம் தாங்கியது. அந்த மேசையும் அந்த வேலையும் எனக்கு வேண்டும். தலைவரின் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"மாமா, நாளைக்கு வாரேன்னு சொல்றதுக்கு முன்னால நான் என்னா சொன்னேன்? அதையும் கேட்டிருப்பீங்களே."

அவர் வாசலில் நின்றவர்களைச் சுற்றிப் பார்த்தார். "முன்னால கொஞ்சிக் கொஞ்சி என்னென்னமோ சொன்ன. அத எப்படி நான் வாயால சொல்றது? பெரியவங்க நிக்கிறாங்க."

உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்தேன். ஒயரைப் பிடுங்கி, அதிலேயே இருந்த சின்ன ஸ்பீக்கரில் போட்டேன். முதலில் நாநாவின் சோகப் பாட்டு ஒன்று ஓவென்று கிளம்பியது. "அடியாத்தி!" என்று அத்தை கன்னத்தில் கை வைத்தார். அதைத் தாண்டிப் பாடத்துக்குப் போனேன். ஆண் குரல் சிங்களத்தில் ஒரு வாக்கியம் சொன்னது. அதன் வாலில் மம ஹெட்ட எனவா.

"ஆம்பள கொரலு!" என்று தலைவர் விரலை உயர்த்தினார். "கேட்டுக்கங்க, ஆம்பள கொரலு!"

உயர்த்திய விரல் இறங்குவதற்குள் பெண் குரல் பள்ளிக்கூடத் தமிழில் நிறுத்தி நிதானமாகச் சொன்னது. "பிறப்புச் சான்றிதழ் எடுப்பதற்கு நான் நாளைக்கு வருகிறேன்."

பிறகு, நாம் சொல்லிப் பார்ப்பதற்கான அமைதி. யாரும் சொல்லிப் பார்க்கவில்லை.

"பெரிய ஐயா கந்தோரில் இருக்கிறாரா?" என்றது அடுத்த வாக்கியம்.

"பொறப்பு சர்டிபிகேட்டு எடுக்கவா இந்தப் புள்ள கொஞ்சிக் கொஞ்சிப் பேசுச்சு?" என்று அத்தை கேட்டதும் சிரிப்பு மறுபடி கிளம்பியது. இந்த முறை தலைவர் பக்கம். காற்றடிக்கிற பக்கம் சாய்கிற சிரிப்பு அது. அதற்கு நான் நன்றி சொல்லப் போவதில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்குச் சிங்களம் தெரியும். பிறப்புச் சான்றிதழ் என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கும், புரிந்தும் இருக்கும். தலையை வெட்டி எறிந்துவிட்டு வாலை மட்டும் எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்திருக்கிறார். லயத்தில் இன்னொருவர் சிங்களம் பேச ஆரம்பித்தால் அவரைக் கூட்டிக்கொண்டு போக யார் வருவார்கள்? அந்தப் பயத்துக்காக ஒருத்தியின் பெயரைப் பீலியடியில் போட்டுக் கழுவலாம் என்று நினைத்த மனிதர் அவர்.

நான் இதைச் சொல்வதற்குள், அதுவரை கொழுந்துக் கூடையின் கயிற்றை முடிந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் தலைவரே, போன வருசம் ஆஸ்பத்திரியில டாக்டரு எம்புட்டு நேரம் பேசுனாரு? நீங்க 'மாத்திரை குடிக்கணுமாம்'னு மட்டுந்தான சொன்னீங்க. மிச்சத்துல என்னா சொன்னாரு?"

"அது... அதெல்லாம் இங்கிலீசுல சொன்னது," என்றார் தலைவர்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் ஆஸ்பத்திரியை, போலீசை, கந்தோரை நினைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. தலைவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, எங்கேயோ அவசர வேலை இருப்பவர் போல ரோட்டுப் பக்கம் போனார்.

அப்பா பெட்டியை வாங்கி, ஒயரைத் திரும்பச் செருகி என் கையில் தந்தார். "திங்கக்கெழம நானும் வாரேன்," என்றார். மன்னிப்பு என்று எங்கள் வீட்டில் கிடைக்கக்கூடியது அதுதான்.

லயத்தில் அதுவும் கிடைக்கவில்லை. மறுநாள் காலையில் அத்தை வந்து, அந்தச் சோகப் பாட்டை முழுதாகப் போடச் சொன்னார். இன்னொருவர் தன் மகளுக்கும் இரண்டு பாட்டு ஏற்றித் தர முடியுமா என்று கேட்டார். கார்டில் இடமில்லை என்று சொன்னேன். இடம் நிறைய இருந்தது.

திங்கட்கிழமை பஸ்ஸுக்கு நின்றபோது தலைவரும் அங்கே நின்றார். என்னைப் பார்த்துத் தலையைக் குனிவார் என்று எதிர்பார்த்திருந்தால் நான்தான் முட்டாள். பக்கத்தில் நின்றவர்களிடம் தாராளமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நம்ம புள்ள வேலைக்கு இன்டர்வியூ போகுது. சிங்களம் வெளுத்து வாங்கும். எல்லாம் நம்ம காத்துல கத்துக்கிட்டதுதான். பக்கத்து வீடுல்ல! என்னா தம்பி?"

"ஆமாங்க தலைவரே," என்றார் அப்பா. ஓய்வு பெறும் வயதுவரை அவர் அந்த லயத்தில்தான் இருக்க வேண்டும். எனக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நான் மலைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். வேலை கிடைத்த பிறகு இந்தக் கதை இன்னும் வளர்ந்துவிட்டது. இப்போது அவர் சொல்கிறபடி அந்த வேலையையே வாங்கித் தந்தவர் அவர்தான்.

அன்று பஸ் வந்தது. ஏறியதும் கண்டக்டரோடு சிங்களத்தில் பேசி, முன் சீட்டில் அப்பாவுக்கு இடம் வாங்கினேன். கண்டக்டர் ஒன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் அடுத்தவரிடம் போய்விட்டார். பஸ் பெரகல சந்தியைத் தாண்டியது. அப்பா என் பக்கம் சாய்ந்தார்.

"அவருகிட்ட என்னா சொன்ன?"

"எங்கப்பாவுக்கு முழங்கால் வலி, பின்னால போக முடியாது, முன்னால ஒரு எடம் குடுங்கன்னேன்."

"எனக்கு எங்க முழங்கால் வலி?" என்றார் அப்பா எரிச்சலோடு. ஆனால் எழுந்து பின்னால் போகவில்லை.