எல்லா அழைப்பும் நல்லபடியாக முடியும்

ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது தொண்டையைக் கெடுக்கிற தொழில் என்று எச்சரித்தார்கள். தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது. ப்ளஸ் டூ வரை இங்கிலீஷ் நோட்ஸை உருப்போட்டு, பரீட்சை ஹாலை விட்டு வெளியே வந்ததும் மொத்தத்தையும் மறந்த என் சக துன்பவாசிகளே, பூமிக்கு அந்தப் பக்கமும் நம் ஆட்கள் இருக்கிறார்கள். ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். அவர்களுக்கு 'கிவ்' தெரியும், 'அப்' தெரியும். இரண்டும் ஒட்டிக்கொண்டு 'கிவ் அப்' என்று வந்தால் கைவிடுவது என்று அர்த்தம், அதை யாராவது போய்ச் சொல்ல வேண்டும். நான்தான் சொல்கிறேன். வயது பதினெட்டு. டெல்லி முனிர்காவில் ஒரு மொபைல் கடைக்கு மேலே மூன்றாவது மாடி, காலை ஆறு மணி ஷிப்ட். அவர்களுக்கு அது முந்தின நாள் சாயங்காலம்.

பாடம் என்றால் நாடகம். மாணவர் யாரிடம் பேசப் பயப்படுகிறாரோ அந்த ஆளாக நான் போனில் பேசுவேன். முதலாளி, போலீஸ்காரர், மாமியார், எந்தக் குரலும் எனக்கு வரும். மந்திர் மார்க் பள்ளியில் இதே திறமைக்காக வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள், இங்கே சம்பளம் கொடுக்கிறார்கள். ஒரே ஒரு விதி: எந்த நாடகமும் மாணவருக்கு நல்லபடியாக முடிய வேண்டும். முதலாளி லீவு கொடுத்துவிட வேண்டும், மாமியார் மனம் மாறிவிட வேண்டும். சிரித்துக்கொண்டே போனை வைப்பவர்தான் அடுத்த மாதமும் வருவார் என்பது மேலிடத்தின் எண்ணம். இந்த விதியால் மார்த்தா என்கிற அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் வரும் இரண்டு கதைகளும் வழியில் ஏறிக்கொண்டவை.

மேலதிகாரியின் குரல்

கார்த்தி அண்ணன் எங்கள் சூப்பர்வைசர். மதுரைக்காரர். கலெக்டராகப் போகிறேன் என்று டெல்லிக்கு வந்து, எழுதி எழுதிப் பார்த்துவிட்டு முனிர்காவிலேயே தங்கிப்போனவர். எங்கள் அழைப்புகளை ஹெட்போனில் கேட்டு, படிவத்தில் டிக் அடிப்பது அவர் வேலை. சேர்ந்த இரண்டாவது வாரம் பாத்ரூமுக்குள் நின்றுகொண்டு, தோழியின் நம்பரிலிருந்து, குர்காவ் தலைமை ஆபீஸ் மேலதிகாரியின் குரலில் அவரைக் கூப்பிட்டேன். சாரி கார்த்திக், இன்றோடு உன் வேலை முடிந்தது என்றேன். அவர் கெஞ்ச வேண்டும், கத்த வேண்டும், நான் கதவைத் திறந்து சிரிக்க வேண்டும். திட்டம் அதுதான்.

அவர் "ஓகே சார்" என்றார். ஹெட்போனை யாரிடம் ஒப்படைப்பது என்று மட்டும் கேட்டார். நான் வெளியே வருவதற்குள் டிராயர் காலி. மேஜைமேல் ஒரு டிபன் பாக்ஸ், ஒரு மப்ளர், அட்டை கிழிந்த பொது அறிவுப் புத்தகம். பேசியது நான்தான் என்றதும் திட்டுவார் என்று பார்த்தேன். ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டே சொன்னார்: "குரல் அச்சு அசல்தாம்மா. ஆனா அந்தாளு சாரி எல்லாம் சொல்லமாட்டாரு."

மாடி வீட்டுக்காரர்

மெக்சிகோவிலிருந்து பெத்ரோ. ரிட்டயர் ஆனவர், தனி ஆள். அவர் தலைக்கு மேலே குடியிருக்கும் வெளிநாட்டுக்காரர் பொழுதெல்லாம் டிரம் வாசிக்கிறாராம். அவரிடம் போய் ஆங்கிலத்தில் சண்டை போட வேண்டும். நான் டிரம்காரரானேன். முதலில் முரண்டு பிடித்து, பிறகு விதிப்படி மனம் இளகி, இனி தொடவே மாட்டேன் என்று உருகுவேன். 'டர்ன் டவுன்' என்றால் சத்தத்தைக் குறைப்பது. பெத்ரோ பத்து நாள் ஒத்திகை பார்த்தார். பத்து நாளும் ஜெயித்தார்.

பதினோராவது நாள் சட்டையெல்லாம் அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு மாடிக்குப் போயிருக்கிறார். இரண்டாவது வாக்கியத்திலேயே கதவு மூடிக்கொண்டது. மறுநாள் பாடத்தில் அவர் வருத்தமாகக்கூடப் பேசவில்லை, எனக்குத் தகவல் சொல்வதுபோலச் சொன்னார்: "அவர் உங்கள் வகுப்பில் சேரவில்லை போலிருக்கிறது."

சிலபஸ்

மார்த்தா பொலிவியாக்காரர். தையல் வேலை. பாடம் நடக்கும்போது பின்னாலேயே மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். மகன் லூயிஸ் கனடாவில் ஒரு பண்ணையில் வேலை பார்க்கப் போன இடத்தில் டிராக்டர் கவிழ்ந்து, நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தான். இவருக்கு விசா கிடைக்கவில்லை. டாக்டர் போன் செய்வார். மொழிபெயர்ப்பாளர் கிடைக்காத நாளில் இவரே பேசியாக வேண்டும். அதற்குத்தான் இங்கிலீஷ்.

நான் டாக்டரானேன். ஐம்பது வயசு, கனமான, கனிவான குரல். பெருமையடித்துக்கொள்வதாக நினைக்காதீர்கள், என் டாக்டர் அற்புதமான டாக்டர். 'புல் த்ரூ' என்றால் பிழைத்து எழுவது. மார்த்தா, உங்கள் மகன் புல் த்ரூ ஆகிவிடுவான் என்று முடிப்பேன். அதற்கு அவர் சொல்ல வேண்டிய பதிலையும் பழக்கினேன்: "தேங்க் யூ டாக்டர், தட் இஸ் வொண்டர்ஃபுல் நியூஸ்." நாள் தவறாமல் சொன்னார். நாளுக்கு நாள் உச்சரிப்பு தேறியது. ஒரு நாள் மெஷினை நிறுத்திவிட்டு, ஒருவேளை செய்தி வேறு மாதிரி இருந்தால் எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டார். எங்கள் பாடப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை மேலிடம் கிழித்துவிட்டிருந்தது. நம் வாத்தியார்கள் பாணியில், அதெல்லாம் சிலபஸில் இல்லை என்றேன். அவர் சிரித்தார். "அப்படியென்றால் பரீட்சைக்கு வராது, இல்லையா?"

கிட்வாய் நகர் அபிப்பிராயம்

டாக்டர் குரலைக் கிட்வாய் நகரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்று பழகுவேன். அம்மா திருநெல்வேலிக்காரி. அப்பாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தபோது பதினோரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, டாக்டர்கள் பின்னால் ஓடினவள். ஒரு வார்த்தை இங்கிலீஷ் புரியாவிட்டாலும் என் டாக்டரை முழுசாகக் கேட்டாள். தோசையைத் திருப்பிவிட்டுச் சொன்னாள்: "ஏட்டி, எந்த டாக்டர் இவ்வளவு சிரிச்சுப் பேசுதாரு? அந்தப் பொம்பள நம்பிரப் போறா."

சரியான பதில்

அதற்குப் பிறகு மூன்று வாரம் மார்த்தா வரவில்லை. ஜனவரி பனியில் ஜன்னலுக்கு வெளியே எதிர் மாடிகூடத் தெரியாத ஒரு காலையில் வந்தார். பின்னால் மெஷின் சத்தம் இல்லை. நடந்ததை அவரே சொன்னார், மெதுவாக, நான் சொல்லிக்கொடுத்த இறந்தகாலத்தில். நிஜ டாக்டர் போன் செய்தார். குரல் ஏறக்குறைய என் டாக்டர் குரல் மாதிரியே கனிவாக இருந்தது. லூயிஸ் 'ஸ்லிப்ட் அவே' என்றார். நழுவிப் போனான் என்று அர்த்தம் வரும். ஆங்கிலத்தில் இறந்துவிட்டான் என்பதை இப்படியும் சொல்வார்கள், கிழித்த பக்கத்தில் இருந்தது. மார்த்தாவுக்கு அது விளங்கவில்லை. கனிவான குரல் பேசி நிறுத்தியதும், பழகின வாய் பதில் சொல்லிவிட்டது. தேங்க் யூ டாக்டர், தட் இஸ் வொண்டர்ஃபுல் நியூஸ்.

பிறகு டாக்டர் எளிய வார்த்தையில் திரும்பச் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் எதுவும் கேட்காமலே இவர் போனை வைத்துவிட்டார்.

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. இன்னும் ஒரு பாடம் பாக்கி இருக்கிறது, டாக்டரை வரச் சொல் என்றார். அவர் சொன்னதையே சொல், இந்தத் தடவை நான் சரியாகப் பேச வேண்டும் என்றார். நான் கார்த்தி அண்ணனைப் பார்த்தேன். ஹெட்போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், விதியை ஞாபகப்படுத்தவில்லை. தலையை மட்டும் அசைத்தார்.

டாக்டர் குரலில் சொன்னேன். மார்த்தா, லூயிஸ் ஸ்லிப்ட் அவே. கீழே கடை ஷட்டரை யாரோ தூக்கும் சத்தம் முழுசாகக் கேட்டது. அப்புறம் மார்த்தா கேட்டார், அந்த நேரத்தில் அவன் பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்று. ஆமாம், ஒரு நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்படி முடித்துத்தானே பழக்கம். டாக்டரை விட்டுவிட்டு என் சொந்தக் குரலில், எனக்குத் தெரியாது என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "உனக்கு எப்படித் தெரியும். நாளைக்கு அவரைக் கூப்பிட்டுக் கேட்கப் போகிறேன். என் வாக்கியம் சரியாக இருந்ததா?"

சரியாகத்தான் இருந்தது, ஒரு திருத்தமும் இல்லை என்றேன். படிவத்தில் கார்த்தி அண்ணன் 'நல்லபடியாக முடிந்தது' என்ற கட்டத்தில் டிக் அடித்தார், வேறு கட்டம் அதில் அச்சடிக்கப்படவே இல்லை.