முடிவோடு வந்த கேள்விகள்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. போன ஆண்டு சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படித்த என் மாணவி சுகன்யாவுக்குச் சென்னையில் தேர்வு மையம் வந்தது. வீட்டில் கப்பல் டிக்கெட் போட்டார்கள்.
2. அவளுடைய அப்பா போர்ட் பிளேரில், ஷாதிபூரில் இருக்கும் எங்கள் கோச்சிங் சென்டருக்கு வந்து என்னிடம் சில கேள்விகள் கேட்டார்.
3. எல்லாவற்றுக்கும் உண்மையான பதில் சொன்னேன்.
4. சுகன்யா தேர்வு எழுதப் போகவில்லை.

மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் இருப்பதை எழுதுகிறேன். ரீசனிங் பாடம் எடுக்கப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயன்படலாம்.

நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ், கோயம்புத்தூரில். ஊர் திரும்பிய பிறகு இந்த வேலை. லாஜிகல் ரீசனிங்கில் மாணவர்கள் அதிகம் மதிப்பெண் விடுவது இன்ஃபரன்ஸ் கேள்வியையும் சப்போர்ட் கேள்வியையும் ஒன்றாக நினைத்து விடை போடும்போதுதான். இரண்டிலும் மேலே ஒரு பத்தி, கீழே நான்கு ஆப்ஷன். பார்க்க ஒன்றுபோல இருக்கும். செய்ய வேண்டிய வேலை வேறு.

இன்ஃபரன்ஸில் பத்தியை அப்படியே நம்ப வேண்டும், ஆப்ஷன்களைச் சந்தேகப்பட வேண்டும். பத்தியில் இருப்பதை மட்டும் வைத்து எது நிச்சயம் என்று பார்க்கிறோம். வெளியிலிருந்து எதையும் சேர்க்கக் கூடாது. சப்போர்ட்டில் இது தலைகீழ். பத்தியிலேயே ஒருவர் ஒரு முடிவைச் சொல்லிவிட்டிருப்பார். அந்த முடிவுதான் ஆடிக்கொண்டிருக்கிறது. ஆப்ஷன்களை உண்மை என்று எடுத்துக்கொண்டு, எது அதற்கு முட்டுக் கொடுக்கிறது என்று தேட வேண்டும். இங்கே புதிய தகவல் வரலாம். பெரும்பாலும் விடையே அதுதான்.

சுகன்யா சப்போர்ட்டில் கெட்டி. இன்ஃபரன்ஸில் வழுக்குவாள். ஒருநாள் போர்டில் எழுதினேன்: புயல் எச்சரிக்கை இருக்கும் நாளில் ஃபெர்ரி ஓடாது. இன்று ஃபெர்ரி ஓடியது. இதிலிருந்து என்ன நிச்சயம்?

“நாளைக்கு டிக்கெட் கிடைக்காது மிஸ்,” என்றாள் சுகன்யா. “ஃபெர்ரி நின்னு மறுபடி ஓடுச்சுன்னா படகு ஜெட்டியில கூட்டம் தள்ளும்.”

“நின்னுச்சுன்னு யாரு சொன்னது?”

“அதைச் சொல்லணுமா மிஸ்? ஜூலை மாசம், கடல் கொந்தளிக்கிற நேரம்!”

“இவ போர்டைப் படிக்கல மிஸ், வானத்தைப் படிக்கிறா,” என்றாள் பக்கத்தில் இருந்தவள். வகுப்பே சிரித்தது.

“இன்னைக்கு எச்சரிக்கை இல்ல. அவ்வளவுதான் நமக்குத் தெரியும்,” என்றேன்.

இந்தத் தீவில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் தவறு இயல்பு. அறிவிப்பு வரும் முன்பே கடலைப் பார்த்து முடிவெடுத்துப் பழகியவர்கள். அதனால் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்வேன்: கொடுக்காததைச் சேர்க்காதே. வகுப்புக்கு வெளியிலும் நான் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன் என்பது எனக்குத் தெரியவில்லை.

சுகன்யாவின் அப்பா சிப்பிகாட் கிராமத்திலிருந்து பஜாருக்குக் காய்கறி ஏற்றி வரும் டெம்போ ஓட்டுகிறார். அன்று லோடு இறக்கிவிட்டு, கையில் ஒரு பை வெண்டைக்காயோடு வந்தார்.

“காலேஜும் சென்னையிலதானா மேடம்?”

“எங்க கிடைக்கும்னு இப்பவே சொல்ல முடியாதுங்க. டெல்லி பக்கம்கூடக் கிடைக்கலாம்.”

“அச்சா. லீவுக்கு வர டிக்கெட் கிடைச்சிருமா?”

“சீசன்ல கஷ்டம்தான்.”

“இங்கேருந்து மெயின்லேண்டு போய்ப் படிச்ச புள்ளைங்க நிறையப் பேரு திரும்பி வந்திருக்காங்களா?”

“எனக்குத் தெரிஞ்சு ரொம்பக் கம்மி.”

“நீங்க வந்துட்டீங்களே!”

“எனக்கு அங்க வேலை கிடைக்கலைங்க.”

அவர் சிரித்துவிட்டார். “கிடைச்சிருந்தா?”

“இருந்திருப்பேன்.”

“போதும் மேடம், போதும். வேற ஆளா இருந்தா ஃபீஸுக்காக மழுப்பியிருப்பாங்க. நீங்க உள்ளதைச் சொல்றீங்க.”

வெண்டைக்காயை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். கேட்டதற்குச் சரியாகப் பதில் சொன்ன திருப்தி எனக்கு.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் சுகன்யா என்னிடம் வந்தாள்.

“மிஸ், அப்பா உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டாரு. நான் அங்கேயே இருந்துருவேன்னு பயம். அம்மாதான் விடல. மேடத்தை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க, நம்பிக்கையா எதாச்சும் சொன்னா மறுபடி போட்டுக்கலாம்னு அனுப்பினாங்க.”

“நான் அனுப்பாதீங்கன்னு சொல்லவே இல்லையேம்மா.”

“சொல்லல மிஸ். ஆனா வீட்டுக்கு வந்து, ‘மேடமே சொல்லிட்டாங்க, போனா வரமாட்டாங்க’ன்னுட்டாரு.” பிறகு, “அது சப்போர்ட் கொஸ்டின் மிஸ். நீங்க இன்ஃபரன்ஸ்னு நினைச்சு ஆன்சர் பண்ணிட்டீங்க,” என்றாள்.

அவள் சொன்னது சரி. என் பதில்களை வைத்து ஒரு முடிவுக்கு வர அவர் வரவில்லை. முடிவு அவரிடம் இருந்தது, ஆடிக்கொண்டும் இருந்தது. அதற்கு வரிசையாக முட்டுக் கொடுத்தவள் நான். அதைத் தள்ளிவிடக்கூடிய தகவலும் என்னிடம்தான் இருந்தது. சுனாமியில் அவர்கள் வயலில் ஏறிய கடல் தண்ணீர் வடியவே இல்லை. அந்த மாதிரி நிலங்களுக்கு நஷ்டஈடு கேட்கும் வழக்குகளை இங்கே, போர்ட் பிளேர் கோர்ட்டிலேயே நடத்த வேண்டும் என்றுதான் சுகன்யா சட்டம் படிக்க ஆசைப்பட்டாள். என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். அவர் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்று மாலையே அவருக்குப் போன் செய்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“நேத்தே சொல்லியிருந்தீங்கன்னா வேற மேடம். இப்ப புள்ள சொல்லிக்குடுத்து நீங்க பேசுற மாதிரியில்ல இருக்கு?”

“அவ சொல்லிக்குடுக்கலைங்க. எனக்கு முன்னாடியே தெரியும்.”

“தெரிஞ்சிருந்தா நேத்து சொல்லியிருப்பீங்களே.”

 அந்தக் கப்பலில் சீட்டும் முடிந்துவிட்டிருந்தது. விமானக் கட்டணம் அவர் பேச்சில் வரவே இல்லை, நானும் எடுக்கவில்லை.

இப்போது பெற்றோர் யாராவது கேள்வியோடு வந்தால், பதில் சொல்வதற்கு முன், “நீங்க என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?” என்று கேட்டுவிடுகிறேன். சிலர் சங்கடப்படுகிறார்கள். பெரும்பாலானவர்கள் சொல்லிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி நிறுத்துவதில்லை. எனக்குத் தெரிந்த மற்றதையும் சொல்கிறேன்.

சுகன்யா பஜாரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். இந்த ஆண்டுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் தேதி முடிந்துவிட்டது. அவள் விண்ணப்பிக்கவில்லை.