அஞ்சே நிமிசமுங்க

வேல்குமாரின் முதல் ஆல்பத்தில் ஏழு பாட்டு. ஏழும் ஆடுவதற்கென்றே செய்தவை. கல்யாண மண்டபம், கோயில் நோம்பி, காதுகுத்து என்று ஐந்து வருடமாக டிஜேயாக அடுத்தவர் பாட்டையே போட்டுக்கொண்டிருந்தவன் அவன். தன் பாட்டுக்கு ஒரு கூட்டம் ஆடுவதைப் பார்த்துவிட வேண்டும் என்று கிடந்தான். அதிலும் அம்மா அமராவதி ஆட வேண்டும். அப்பா போன பிறகு எந்த விசேஷத்திலும் அவள் கையைத் தட்டிக்கூட அவன் கண்டதில்லை.

அமராவதி பனியன் கம்பெனியில் துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மிசின் டெய்லர். போன சித்திரையில் ஒருநாள் அவளுடைய சோற்றுப் பையில் தன் போனை ரெக்கார்டிங்கில் போட்டு வைத்து அனுப்பினான்.

"எதுக்கு சாமி இது?"

"உங்க மிசின் சத்தம் வேணுமுங்கம்மா. பாட்டுல போடறேன்."

"பதினெட்டு வருசமா அது எப்ப நிக்கும்னு பார்த்துட்டு உக்காந்திருக்கறேன். இவன் அதைப் புடிச்சு ஆடப் போறானாமா!" சிரித்துக்கொண்டேதான் எடுத்துப் போனாள்.

எட்டு மணி நேரச் சத்தம். ஓரிடத்தில் மட்டும் மிசின் நின்று, அம்மாவின் குரல் துலக்கமாகக் கேட்டது: "அஞ்சே நிமிசமுங்க சார்." அதற்கு முன்னும் பின்னும் பக்கத்து மிசின்களின் இரைச்சலில் வேறு பேச்சு எதுவும் பிடிபடவில்லை. மீதிப் பீஸை முடித்துத்தர நேரம் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். 'இன்னும் அஞ்சே நிமிசம் ஆடலாம்' என்று ஒரு பாட்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? முதலில் குரலை அப்படியே ஒருமுறை விட்டான். பிறகு அதைச் சின்னப் பெண்ணின் குரல்போல உயர்த்தி, துண்டு துண்டாக வெட்டி, தாளத்தோடு சேர்த்தான். பாட்டையும் சரியாக ஐந்து நிமிடத்துக்குச் செய்தான். அம்மாவிடம் சொல்லவில்லை. கேட்டதும் திகைத்துச் சிரிப்பாள் என்று வைத்திருந்தான். ஆல்பத்தை இணையத்தில் ஏற்றிய வாரமே ஆயுதபூஜை வந்தது.

கம்பெனிக்காரர் மயில்சாமி, "நம்ம அமராவதி பையன்தான, போடட்டும்," என்று சொல்லிவிட்டார். மிசின்களைத் துடைத்து, எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. பூஜை முடிந்தால் மறுநாள்வரை ஒருவரும் மிசினைத் தொடக்கூடாது. பொரியும் கடலையும் கையில் வாங்கிக்கொண்டு எல்லோரும் பேக்கிங் ஹாலுக்கு வந்தார்கள்.

முதல் பாட்டுக்கே ஹால் கிளம்பிவிட்டது. பீகார்ப் பையன்கள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி ஆடினார்கள். சூப்பர்வைசர் மகுடேஸ்வரன் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு நடுவில் இறங்கினார்.

"ஏனுங்க சார், டார்கெட் எத்தன ஸ்டெப்புங்க?" என்று யாரோ கத்த, ஒரே சிரிப்பு. அமராவதியும் சிரித்தாள். கை தட்டினாள். வேல்குமார் அதைப் பார்த்துவிட்டுத்தான் நாலாம் பாட்டைப் போட்டான்.

ஓவர்லாக் சத்தம் ஓடியது. நின்றது. "அஞ்சே நிமிசமுங்க சார்."

அமராவதியின் கைகள் விரிந்தபடியே நின்றுவிட்டன. அவளோடு மூன்றாம் லைனில் தைக்கிற பெண்கள் ஒவ்வொருவராக ஆட்டத்தை நிறுத்தினார்கள். மற்றவர்கள் கூவினார்கள். "அஞ்சே, அஞ்சே, அஞ்சே நிமிசமுங்க!" மகுடேஸ்வரன் கைகளைத் தூக்கி எல்லோரையும்விடச் சத்தமாகக் கூவினார். அமராவதி பொரிப் பொட்டலத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே போனாள்.

லைனில் அவள் பக்கத்து மிசின்காரி இந்துமதி மேடையோரம் வந்தாள். "நிறுத்து வேலு. அது என்னன்னு தெரிஞ்சுதான் போட்டியா?"

"ஏனுங்கக்கா?"

"பாத்ரூம் போகோணும்னு உங்கம்மா கேட்டதுடா அது. ரண்டு தடவ கேட்டுது. டார்கெட் முடிச்சுட்டுப் போங்கன்னுட்டான் அந்த மகுடேஸ்வரன். முடியலடா அதுக்கு. உக்காந்த எடத்துலயே… வேஸ்ட் துணிய இடுப்புல சுத்தி, நாலு பேரு சுத்தி நின்னு கூட்டிட்டுப் போனோம்."

பாட்டை நிறுத்தினான். "போடு, போடு!" என்று ஹால் அலறியது.

அந்தச் சித்திரை நாள் அவனுக்கு நினைவு வந்தது. இடுப்பில் வெள்ளைத் துணியோடு வந்தவள் நேரே குளிக்கப் போனாள். அவன் கதவுக்கு வெளியே நின்று, போன் எங்கே என்றுதான் கேட்டான்.

வீட்டில் அவள் பொரியைக் கிண்ணத்தில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எனக்குத் தெரியாதுங்கம்மா."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியாதா?" கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளினாள். "மத்த பாட்டெல்லாம் நல்லாருக்குது, கண்ணு. எல்லாரும் ஆடுனாங்கல்ல."

அன்று மாலையே ஆல்பம் முழுவதையும் இணையத்திலிருந்து எடுத்துவிட்டான். ஆனால் அதற்குள் அந்த ஒரு பாட்டு மட்டும் போன் போனாகப் போய்விட்டிருந்தது.

தை மாதம் பொங்கலூரில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் தோழர்கள் "அஞ்சே நிமிசம்" கேட்டார்கள். தன்னிடம் இல்லை என்றான். ஒருவன் தன் போனைச் செருகினான். வேல்குமார் சத்தத்தைக் குறைத்தான்.

"அட, ஏத்துங்க டிஜே! யாரு பாட்டோ, உங்களுக்கென்னங்க?"

அவன் ஏற்றவில்லை. அந்தப் பையனே கையை நீட்டி ஏற்றிக்கொண்டான். மண்டபம் அதிர்ந்தது. பெண்ணின் அம்மாகூடக் கைகளை விரித்து ஆடினாள். வேல்குமார் இறங்கிப் போய் ஜெனரேட்டர் பக்கம் நின்றான். அங்கேயும் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது.