இடியப்பத்துக்கு அடையாள அட்டை

போன மாதம் ஒரு நாள் காலை எங்கள் வீட்டுக்கு இடியப்பம் வரவில்லை. கொழும்பு வெள்ளவத்தைத் தமிழர்களுக்கு அவசரகாலச் சட்டம் பழகிவிட்டது... இடியப்பம் இல்லாத காலை இன்னும் பழகவில்லை.

எங்கள் ஒழுங்கைக்கு, இந்தச் சின்னத் தெரு முழுவதற்கும், இடியப்பம் அவித்துக் கொடுப்பவள் சோமாவதி. கடைசி வீட்டில் இருக்கும் சிங்களப் பெண், விதவை. (பெயரை மாற்றியிருக்கிறேன். அவளிடமும் மகனிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) என்ன சுகமில்லையோ என்று பார்க்கப் போனேன். சரி, உண்மையைச் சொல்கிறேனே — இடியப்பம் கேட்கத்தான் போனேன்.

வாசலில் எப்போதும் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கும் அவள் மகன் சுனிலைக் காணவில்லை. சுனில் ஆமியில் இருந்தவன். வடக்கில் கண்ணிவெடியில் ஒரு கால் போய், வீட்டுக்கு அனுப்பப்பட்டவன். வந்த நாள் முதல் அந்தக் கதிரையில் இருந்து ஒழுங்கையையே பார்த்துக்கொண்டிருப்பான்.

எங்கள் ஆட்கள் என்ன நினைப்பார்கள்? யாழ்ப்பாணத்திலிருந்து யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று பொலிஸுக்குச் சொல்லத்தான் இருக்கிறான் என்று முடிவுகட்டிவிட்டோம். ஜன்னல் திரைகள் இறங்கின. பிள்ளைகள் பந்தைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் பார்த்தார்கள். பெரியவர்கள் பஸ்ஸுக்குப் போகப் பின்வழியால் சுற்றினார்கள்.

மகனுக்கு வயிற்றுக்குத்து, ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்று முந்தின வாரம் சொல்லியிருந்த சோமாவதி, என்னைக் கண்டதும் அழத் தொடங்கினாள்.

"புத்தாவுக்கு வயித்துக்குத்து எண்டு சொன்னது பொய், நோனா. அவன் சாகப் பாத்தது. நேத்துத்தான் ஆஸ்பத்திரியில இருந்து கூட்டிக்கொண்டு வந்தது. இப்ப தனிய விட்டுப்போட்டு எப்பிடி நான் வீடு வீடாப் போறது?"

ஏன் மறைத்தாள்? வெளியே தெரிந்தால் மானம் போகுமாம். போரில் செத்தால் வீரனென்று கொடி கட்டுவார்கள். திரும்பி வந்து, வாழ முடியவில்லை என்று சொன்னால் பைத்தியம் என்பார்கள். நல்ல நியாயம்!

உள்ளே சுனில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். இப்படிப்பட்டவர்களிடம் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது, எடுத்தால் நினைப்புக் கூடிவிடும் என்று நம்மவர்கள் சொல்வார்கள். என் தங்கச்சியின் மகள் நர்ஸ். அவள் சொல்வது நேர் எதிர் — "கேளுங்கோ பெரியம்மா. கேட்டால்தான் அவை வாய் திறப்பினம்."

எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் கேட்டேன். "புத்தே, இன்னும் சாக வேணும்போல இருக்கா?"

சுவரை விட்டு இந்தப் பக்கம் திரும்பினான். "காலையில இல்ல, ஆன்ட்டி. பின்னேரந்தான் தாங்க ஏலாம வருது."

கதிரையில் ஏன் இருந்தாய் என்றும் கேட்டேன். வீட்டுக்குள் தனியே இருக்கப் பயமாம். ஆட்கள் போய்வருவதைப் பார்த்தால் கொஞ்சம் ஆறுதலாம். "பிறகு ஒருத்தரும் இந்தப் பக்கம் வரேல்ல. என்ட காலைப் பாத்து அருவருக்கிறாங்க எண்டு நினைச்சன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. நாங்கள் அவனுக்குப் பயந்தோம்... அவன் எங்களுக்குப் பயந்திருக்கிறான்!

பொழுது சாயும் அந்த நேரத்தில் அவனைச் சுற்றி ஆள் நடமாட்டம் இருக்க எனக்கு ஒரு வழி தோன்றியது; சோமாவதி சம்மதித்ததும் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். இனி இடியப்பம் காலையில் வராது. பின்னேரம் அவிக்கப்படும். நாம்தான் போய் வாங்க வேண்டும், எடுத்துக் கொடுப்பவன் சுனில்.

"ஆமிக்காரனுக்காக நாங்கள் ஏன், பிள்ளை, நடக்கவேணும்?" என்று ஒருவர் கேட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். ஆமியின் ஷெல்லடியில் தம்பியைப் பறிகொடுத்தவர். ஊரில் எங்கள் வீட்டுக்கும் இன்று கூரை இல்லை. "ஒரு தாய் பிள்ளையைக் காத்துக்கொண்டு இருக்கிறா, அண்ணை" என்று மட்டும் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார். நாலைந்து நாள் கழித்துப் பாத்திரத்தோடு வந்து வரிசையில் நின்றார்.

முதல் நாள் முதல் ஆளாகப் போனவர் என் வீட்டுக்காரர். தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள், அனுப்பியது நான். சுனில் பாத்திரத்தை வாங்கக் கையை நீட்டினான். இவர் அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தார்! வேறென்ன செய்வார்? ஆமிக்காரன் கை நீண்டால் நம்மவர் கை தானாகப் பொக்கெற்றுக்குள் போகும். செக்பொயின்ட் பழக்கம்.

சுனில் அட்டையைப் பார்த்தான். இவரைப் பார்த்தான். சிரிக்கத் தொடங்கினான். அந்தச் சத்தம் கேட்டு சோமாவதி இடியப்பத் தட்டோடு ஓடிவந்தாள் — மகன் சிரித்து அவள் கேட்டு எத்தனை மாதம்! சுனில் முகத்தை விறைப்பாக்கிக்கொண்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். "சரி அங்கிள், நீங்க போகலாம்."

இவரும் வந்துவிட்டார். இடியப்பம் வாங்காமலே.

எல்லாம் சரியாகிவிட்டது என்று கதைவிட மாட்டேன். ஒழுங்கை முனையில் திரீவீல் ஓட்டும் முஸ்லிம் நானா அவனைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறார், மருந்து எடுக்கிறான். சில பின்னேரங்களில் முகம் இருண்டுபோய் இருப்பான். அன்று நாங்கள் யாரும் அவசரப்பட்டு வீடு திரும்புவதில்லை. விலைவாசி, கிரிக்கெட், பவர்கட் என்று எதையாவது கதைத்துக்கொண்டு நிற்போம். மனிதனுக்கு மனிதன் செய்யக்கூடிய பெரிய வைத்தியம் பல நேரம் இந்த வெட்டிப்பேச்சுத்தானோ?

முந்தாநாள் பாத்திரத்தை நிரப்பித் தந்துவிட்டு சுனில் கேட்டான்: "ஆன்ட்டி, நாளைக்கு எத்தனை?"

நாளைக்கு! அவன் வாயிலிருந்து அந்தச் சொல்!

வீட்டில் நாங்கள் இரண்டே பேர்... ஐம்பது என்று சொல்லிவிட்டு வந்தேன்.